கிளிநொச்சியில் கூடிய அந்தப் பெண்கள் குழு எதைச் சாதித்தது?

கிளிநொச்சிப் பக்கத்து மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: 2003இல் சமாதானப் பேச்சுக்கென்று ஒரு பெண்கள் குழு கிளிநொச்சியில் கூடியது உண்மையா? அதனால் ஏதாவது நடந்ததா? "மேசையில பொம்பிளையள் இருந்திருந்தா திரும்பச் சண்டை வந்திராது" என்று தன் அம்மம்மா சொல்வது சரியா? இனி ஒரு பேச்சு வந்தால் வன்னிப் பெண்கள் அதற்குள் எப்படிப் போவது? பார்க்க நாலு கேள்வி. ஆனால் தங்கச்சி, நீங்கள் கேட்பது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்: பெண் ஒருத்தி மேசைக்குப் போனால் ஊரில் இருக்கிற பெண்ணுக்கு என்ன மாறும்? அதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன். நான் வன்னியில் மாதர் சங்கங்களோடும், மீள்குடியேற்ற காலத்தில் காணிப் பிணக்குகளோடும் நெடுங்காலம் வேலை செய்தவள். பிறகு சமாதான உடன்பாடுகளைப் பாடமாகவும் படித்தேன். அந்தக் குழு கூடிய அறைக்குள் நான் இருக்கவில்லை. அதனால் உள்ளே யார் யாரோடு முரண்பட்டார்கள் என்ற கதைக்குப் போகமாட்டேன். பொதுப்பதிவில் இருப்பதையும் வெளியில் நின்று கண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

குழு இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. 2002 பெப்ரவரி 22இல் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் முதற் சுற்றுப் பேச்சு. டிசம்பர் தொடக்கத்தில் ஒஸ்லோவில் மூன்றாம் சுற்று. ஒஸ்லோ என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சமஷ்டி பற்றிய வசனம். அதே அறிக்கையில்தான், பெண்களின் நலன்களைச் சமாதான முயற்சிக்குள் எப்படிச் சேர்ப்பது என்று ஆராய ஓர் உபகுழு அமைக்க இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. சமஷ்டிச் சத்தத்தில் இது அமுங்கிப்போனது. தரப்புக்கு 5 பேராக 10 பெண்கள். அரசாங்கம் நியமித்தவர்களுக்குக் கலாநிதி குமாரி ஜயவர்த்தன தலைமை. தீபிகா உடகம, குமுதினி சாமுவேல் ஆகியோரும் முஸ்லிம் பெண்கள் இருவரும் அதில் இருந்தார்கள். புலிகள் தரப்புக்கு மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் தமிழினி தலைமை. பேச்சுக்கு அனுசரணையாளராக இருந்த நோர்வேயிலிருந்து அஸ்ட்ரிட் ஹைபெர்க் இந்தக் குழுவின் அனுசரணைக்கு வந்தார். 2003 மார்ச் தொடக்கத்தில் கிளிநொச்சியில் முதல் அமர்வு நடந்தது. குழுவின் பணி வரம்பை அவர்களே எழுதினார்கள். மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, அடிப்படை வசதிகள், தொழில், அரசியலில் இடம், நல்லிணக்கம் என்பவை முன்னுரிமைகளாக வந்தன. ஏப்ரல் 21இல் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். குழுவின் ஆயுள் அவ்வளவுதான்.

அந்த ஒஸ்லோ வசனம் யாரோ பெரியவர்கள் மனம் இரங்கிப் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தெற்கிலும் வடக்கு கிழக்கிலும் இருந்த பெண்கள் அமைப்புகள் போர்நிறுத்தம் வந்த நாளிலிருந்து நெருக்கிக்கொண்டே இருந்தன. 2002 ஒக்டோபரில் வெளிநாட்டுப் பெண்களையும் சேர்த்த ஒரு குழு வடக்கு கிழக்குக்குப் போய் ஊர்ப்பெண்களிடம் கேட்டு அறிக்கை எழுதியது. சமாதானப் பேச்சுகளில் பெண்களைச் சேர்க்கச் சொல்கிற, ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானம் வந்து அப்போது 2 வருடந்தான். நோர்வேக்காரர்களால் அதைத் தெரியாததுபோல் தட்டிவிட முடியாது. இதற்கும் முன்னால் போனால், 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி பிடிபட்ட பிள்ளைகளுக்காக அரசாங்க அதிபரிடம் ஊர்வலம் போனது. கேட்கிற பழக்கம் இந்த மண்ணில் புதிதில்லை.

இனிப் பிரதான மேசையைப் பாருங்கள். அரசாங்கப் பக்கம் ஜீ.எல். பீரிஸ், மிலிந்த மொறகொட, ரவூப் ஹக்கீம், பேர்னாட் குணதிலக்க. புலிகள் பக்கம் அன்ரன் பாலசிங்கம், தமிழ்ச்செல்வன், கருணா. அடேல் பாலசிங்கம் அந்தக் குழுவின் செயலாளராக அமர்ந்தார். முடிவு எடுக்கிற கதிரையில் ஒரு பெண்கூட இல்லை. இதற்கு முன்னால், 1994-95இல், நாட்டின் ஜனாதிபதியே பெண். ஆனால் சந்திரிகா யாழ்ப்பாணத்துக்குப் பேச அனுப்பிய தூதுக்குழுவும் ஆண்களாகவே வந்து இறங்கியது. 2002 பேச்சுக் காலத்தில் வன்னியில் மாலதி, சோதியா என்று புலிகளின் பெண் படையணிகள் களத்தில் நின்றன. பெண்கள் அவற்றை நடத்தினார்கள். துவக்கை நம்பிக் கொடுத்தவர்கள் பேனையைக் கொடுக்கவில்லை. இது நமக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. நேபாளத்தில் மாவோயிஸ்டுகளின் படையில் பெண்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். 2006 உடன்பாட்டைப் பேசியது ஆண்கள். மாறாக எல் சல்வடோரில் 1992 ஜனவரியில் கையெழுத்திட்ட கெரில்லாத் தரப்பில் நிடியா டியாஸ், அனா குவாதலுப்பே மார்ட்டினஸ் என்ற இரண்டு பெண் தளபதிகளின் பெயர்கள் உண்டு. ஆகவே இயக்கத்தில் பெண்கள் இருந்தால் மேசையிலும் தானாக வந்துவிடுவார்கள் என்றும் இல்லை, வரவே முடியாது என்றும் இல்லை. தலைமை யாரை அனுப்புகிறது என்பதுதான்.

அந்த உபகுழுவை நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால், கலியாணப் பேச்சு உள்வீட்டில் நடக்க, பெண்களை விறாந்தையில் பாய் போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்ததுபோல. கதைக்கலாம், கதைத்ததை உள்ளே அனுப்பலாம். உள்ளே இருப்பவர்கள் அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் எங்கும் எழுதப்படவில்லை. உடனடி மனிதாபிமானத் தேவைகளுக்கான உபகுழு ஒன்று கிளிநொச்சியில் செயலகத்தோடு இயங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீதி, பாடசாலை, ஆசுப்பத்திரி, மீள்குடியேற்றம் எல்லாம் அதன் மேசைக்குத்தான் வந்தன. பெண்கள் குழு அதன் பக்கத்தில் தனியாக நின்றது. என் தனிப்பட்ட கணிப்பு, மறுக்கலாம்: அந்த 10 பேரில் நாலு பேரை மனிதாபிமானக் குழுவுக்குள் போட்டிருந்தால், தனிக் குழுவாக இருந்ததைவிட ஊருக்கு நல்லது நடந்திருக்கும். தனிக் குழு கௌரவமாகத் தெரியும். ஆனால் பிரதான பேச்சு நின்ற அன்றே அதுவும் நின்றுவிடும், நின்றது.

வேறு தடைகளும் இருந்தன, அவற்றையும் மறைக்கக்கூடாது. புலிகளின் பெண்கள் இயக்கத்தின் நிலைப்பாட்டுக்கு அப்பால் ஒரு வார்த்தை பேசமுடியாத ஒழுங்கில் இருந்தவர்கள். பிள்ளைகளைப் படையில் சேர்க்கிற விவகாரம் அந்தக் காலத்தில் வன்னித் தாய்மாரின் நித்திரையைக் கெடுத்த விஷயம். அதை அந்தக் குழுவில் திறந்து பேச யாருக்கு இடம் இருந்திருக்கும்? அரசாங்கம் நியமித்த பெண்களுக்கு வேறு தடை. அவர்கள் படித்தவர்கள், நேர்மையானவர்கள், பலர் காலங்காலமாகப் போரை எதிர்த்தவர்கள். ஆனால் கட்சியிலோ அமைச்சரவையிலோ அவர்களுக்குப் பிடி இல்லை. ஒரு தரப்புக்குப் பிடி இருந்தது, வாய் இல்லை. மற்றத் தரப்புக்கு வாய் இருந்தது, பிடி இல்லை. இதையும் மீறி ஒன்றைக் கவனித்தேன், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பாக இடம் வேண்டும் என்ற சண்டை பிரதான மேசையில் கடைசிவரை தீரவில்லை. பெண்கள் குழுவிலோ முதல் நாளே முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, மன்னார் உட்பட வடக்கு முழுவதிலுமிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, கிளிநொச்சியில் ஒரு முஸ்லிம் பெண்ணும் இயக்கப் பெண்ணும் ஒரே நிகழ்ச்சி நிரலை வைத்துக்கொண்டு மீள்குடியேற்றம் பற்றிக் கதைத்தது சின்ன விஷயமில்லை.

மேசையில் பெண் இருந்தால் என்ன வித்தியாசம் என்பதைக் கொள்கையாகச் சொன்னால் புரியாது. காணியை வைத்துச் சொல்கிறேன். வன்னியில் பெரும்பகுதி வயலும் மேட்டுக்காணியும் உறுதிக்காணி இல்லை, பெர்மிட் காணி. இரணைமடுவைச் சுற்றிய குடியேற்றத் திட்டங்களை எடுங்கள், கையில் இருப்பது அரசாங்கம் தந்த அனுமதிப்பத்திரம். அதற்கு அடியில் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பெர்மிட் குடும்பத் தலைவர் பெயரில் வரும், குடும்பத் தலைவர் என்றால் புருஷன். பின்னுரித்துக்கு ஆளை எழுதிவைக்காமல் அவர் இறந்தால், சட்டத்தின் அட்டவணைப்படி மகளுக்கு முன்னால் மகன் நின்றான். இந்த ஆண் முன்னுரிமையை நீக்கினது 2022இல்தான். உறுதிக்காணி என்றால் வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை வந்து நிற்கும்: பெண்ணுக்குச் சீதனமாக வந்த காணியைக்கூட விற்க, ஈடுவைக்க, புருஷனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். புருஷன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு எங்கே போவது?

2009க்குப் பிறகு செட்டிகுளம் முகாம்களிலிருந்து சனம் ஊருக்குத் திரும்பத் தொடங்கிய காலத்தில் கிராமத்துக் கூட்டங்களில் ஒரு வரவுப் பதிவு சுற்றி வரும். பெயர், குடும்ப அட்டை இலக்கம், குடும்பத் தலைவர், கையொப்பம் என்று கோடு போட்டிருக்கும். 'குடும்பத் தலைவர்' கட்டத்துக்கு வந்ததும் பேனை நிற்கும். சிலர் இல்லாத மனுசனின் பெயரை எழுதுவார்கள். சிலர் வெறுமையாக விடுவார்கள். "என்ர பேரை எழுதினா அவர் இல்லையெண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி, மிஸ்" என்று ஒரு அக்கா முல்லைத்தீவில் சொன்னார். பக்கத்தில் இருந்த இன்னொருத்தி, தன் பெயரையே தலைவர் கட்டத்தில் அழுத்தமாக எழுதி, "எனக்கு வீட்டுத்திட்டம் வேணும்" என்றாள். இரண்டும் சரி. மரணச் சான்றிதழ் எடுத்தால் காணிக்கும் நட்டஈட்டுக்கும் வழி திறக்கும், ஆனால் தேடுவதை விட்டதாக அர்த்தம் வரும். எடுக்காவிட்டால் அலுவலகத்துக்கு அலுவலகம் அலைச்சல், அந்த அலைச்சலில் சில அதிகாரிகள் பெண்களிடம் என்ன கேட்டார்கள் என்பது வன்னியில் யாருக்கும் தெரியாததில்லை. இரண்டுக்கும் இடையில் 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' என்று ஒன்று சட்டமாக வந்தது 2016இல். போர் முடிந்து 7 வருடம் கழித்து.

இப்படியான ஒரு வரி, ஓர் உடன்பாட்டின் ஏதோ ஓர் இணைப்பில் 2003இலேயே போயிருக்கலாம். அப்போதும் காணாமல் போனவர்கள் இருந்தார்கள்; 1996இல் யாழ்ப்பாணத்தில் பிடிபட்டவர்களின் தாய்மார் அதற்குள் எத்தனையோ கந்தோர் ஏறி இறங்கிவிட்டார்கள். பேசப்போன ஆண்களுக்கு இது தெரியாது என்று சொல்லவில்லை. படிவத்தின் அந்தக் கட்டத்தில் அவர்களுடைய பேனை ஒருநாளும் நின்றதில்லை, அதனால் அவர்கள் கொண்டுபோகிற நிரலில் அது மேலே வராது. இராணுவம் பிடித்து வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயம், இடைக்கால நிர்வாகம், ஆயுதக்களைவு என்பவை மேலே வரும். அவையும் தேவையானவைதான்.

இப்போது அம்மம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். இணையத்தில் தேடினால் ஓர் எண்ணிக்கை உடனே வந்து விழும்: பெண்கள் பங்குபற்றிய உடன்பாடுகள் 15 வருடம் நிலைக்கிற வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். இது 1989 முதல் 2011 வரை உலகில் கையெழுத்தான உடன்பாடுகளைத் திரட்டிச் செய்த கணக்கு. 2015இல் ஐ.நா. வெளியிட்ட பெரிய ஆய்வறிக்கை எடுத்தாண்டபின் எல்லா மேடையிலும் இதைச் சொல்கிறார்கள். கணக்குப் பொய்யில்லை. ஆனால் அதை வைத்து "பெண்கள் இருந்தபடியால் சமாதானம் நிலைத்தது" என்று சொல்லக்கூடாது. ஏற்கனவே சமாதானத்துக்கு மனம் வைத்த, வெளியாருக்கு மேசையைத் திறந்துவிடத் துணிந்த தரப்புகள்தான் பெண்களையும் உள்ளே விட்டிருக்கும். அப்படியென்றால் எது காரணம், எது அடையாளம்? பின்னால் வந்த ஆய்வுகள் இதைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்த்தன. பெண்கள் கையெழுத்திட்ட உடன்பாடுகளில் சீர்திருத்த விதிகள் கூடுதலாக இருந்தன, அவற்றை நிறைவேற்றின வீதமும் கூடுதல், வெளியில் இருந்த பெண்கள் அமைப்புகளோடு அந்தப் பெண்களுக்குத் தொடர்பு இருந்தது என்று அவை சொல்கின்றன. இதைத்தான் நான் ஓரளவு நம்புகிறேன், ஏனென்றால் எப்படி வேலை செய்கிறது என்று அதில் தெரிகிறது. ஒப்பிட்டுப் பார்க்கவே உதாரணங்கள் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992 முதல் 2019 வரையான முக்கிய பேச்சுகளில் பேச்சாளர்களில் 13 சதவீதமும், மத்தியஸ்தர்களில் 6 சதவீதமும், கையெழுத்திட்டவர்களில் 6 சதவீதமுமே பெண்கள்.

நம் பேச்சு ஏன் உடைந்தது என்பதற்குக் காரணங்கள் வேறு. 2003 ஏப்ரலில் வொஷிங்டனில் நடந்த உதவி மாநாட்டுக்குப் புலிகள் அழைக்கப்படவில்லை. உயர் பாதுகாப்பு வலயங்களில் சனம் திரும்பமுடியாமல் இருந்தது. ஒக்டோபர் கடைசியில் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபை யோசனையைக் கொடுக்க, சில நாட்களில் சந்திரிகா 3 அமைச்சுகளைத் தன் கைக்கு எடுத்தார். அடுத்த மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா புலிகளிலிருந்து பிரிந்தார். இரு தரப்பும் போருக்கான கதவைத் திறந்தே வைத்திருந்தன. இவை எதையும் ஆலோசனை சொல்ல மட்டும் உரிமையுள்ள 10 பெண்கள் தடுத்திருக்க முடியாது. பிரதான மேசையிலேயே நாலு பெண்கள் இருந்திருந்தால்? தடுத்திருக்கலாம் என்றோ முடியாது என்றோ சொல்ல ஆதாரம் இல்லை. அம்மம்மாவோடு வாதிட வேண்டாம். ஆனால் உங்கள் ஆய்வுக்கட்டுரையில் அதை எழுதவும் வேண்டாம்.

மற்ற நாடுகளிலிருந்து எடுக்கக்கூடியது என்ன என்று பார்த்தால், எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிவது வட அயர்லாந்து. 1996இல் அங்கே பேச்சுக்குப் போகிறவர்களைத் தேர்தல் வைத்துத் தெரிந்தார்கள், வாக்கில் முதல் 10 இடத்துக்குள் வந்த கட்சிகளுக்கு ஆசனம் என்று விதி. பெண்கள் அவசர அவசரமாகக் கூடி, கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்துக்காரரும் சேர்ந்த மகளிர் கூட்டணி ஒன்றைப் பதிவுசெய்து, மிகச் சிறிய வாக்கு வீதத்தோடு உள்ளே போனார்கள். மொனிக்கா மக்வில்லியம்ஸ், பேர்ல் சேகர் இருவரும் யாருடைய தயவிலும் அங்கே இருக்கவில்லை. 1998 ஏப்ரல் 10 உடன்பாட்டில் பாதிக்கப்பட்டவர்களின் நிலை, ஒன்றுசேர்ந்த பாடசாலைகளும் வீடமைப்பும் பற்றிய வசனங்கள் வந்ததில் அவர்கள் கை இருக்கிறது. கதவு எப்படித் திறக்கும் என்ற விதியை முன்கூட்டியே படித்தவர்கள் அவர்கள். பிலிப்பைன்சில் வேறு வழி: அரசாங்கத்தின் தலைமைப் பேச்சாளராக இருந்த மிரியம் கொரொனெல் ஃபெரர் 2014 மார்ச்சில் மின்டனாவோ உடன்பாட்டில் கையெழுத்திட்டார். லைபீரியாவில் பெண்கள் 2003இல் அக்ராவில் பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலை அடைத்து உட்கார்ந்தது உலகமே அறிந்த கதை. தலைமை தாங்கிய லேமா போவீக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. கொலம்பியாவில் 2014இல், பேச்சு நடந்த ஹவானாவுக்குப் பாதிக்கப்பட்டவர்களையே 12 பேர் கொண்ட 5 குழுக்களாக அழைத்துப் போனார்கள், அவர்களில் பெரும்பான்மை பெண்கள். அதே வருடம் அங்கேயும் பெண்களுக்கான உபகுழு அமைத்தார்கள். ஆனால் அதற்குக் கொடுத்த வேலை, பிரதான மேசையில் தயாரான ஒவ்வொரு அத்தியாயத்தையும் எடுத்துப் பார்த்துத் திருத்தம் போடுவது. நம் கிளிநொச்சிக் குழுவுக்கு இல்லாமல் போனது அதுதான். கொலம்பியாவிலும் எல்லாம் சுகமில்லை: 2016 ஒக்டோபர் வாக்கெடுப்பில் உடன்பாடு மயிரிழையில் தோற்றபோது, பெண்கள் பற்றிய பகுதியைக் காட்டிக் குடும்பம் அழியப்போகிறது என்று பிரசாரம் செய்தவர்கள் இருந்தார்கள்.

போருக்குப் பிறகு வன்னிப் பெண்களுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை என்று சொல்லமுடியாது. அழ இடம் கிடைத்தது. 2010இல், போர் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தது, 8 ஆணையாளர்களில் ஒருவர் பெண். முன்னால் வந்து நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள், கையில் படம். ஒவ்வொருவருக்கும் சில நிமிடம். 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணி கொஞ்சம் வேறுவிதம்: 11 பேரில் 6 பேர் பெண்கள், மனோரி முத்தெட்டுவேகம தலைமை, பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு போன்றவர்கள் உறுப்பினர்கள். 7,306 சமர்ப்பிப்புகளைத் திரட்டினார்கள். என் பார்வையில் இந்த நாட்டில் பெண்கள் சொன்னதை ஒழுங்காகக் கேட்டு எழுதிய அரச ஆவணம் அதுதான். 2017 ஜனவரியில் கொடுத்தார்கள், அரசாங்கம் அலுமாரியில் வைத்தது. அடுத்த மாதம் 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டக் கொட்டில் போட்டார்கள். சில நாளில் வவுனியா, மார்ச் 8இல் முல்லைத்தீவு. அதே காலத்தில் கேப்பாப்புலவில் பிலவுக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகளோடு இரவு பகலாக இருந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் காணியை எடுத்தார்கள். இவை ஆர்ப்பாட்டம் என்று செய்தியில் வரும். நான் இவற்றைப் பேச்சுவார்த்தை என்றே எண்ணுகிறேன். கோரிக்கை எழுத்தில் இருந்தது, எதிர்த்தரப்பு வந்து கதைத்தது, அரைகுறை வாக்குறுதியை அவர்கள் மறுத்தார்கள். 2017 ஜூனில் யாழ்ப்பாணத்தில் ஜனாதிபதி சிறிசேனவைச் சந்தித்தபோதும் அந்தத் தாய்மார், போர் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பட்டியலைத் தா என்று குறிப்பாகக் கேட்டார்கள். இதே பெண்களை எவரும் ஒரு மாநாட்டுக்கு அழைத்தால் 'தாய்மார் பிரதிநிதி' என்றுதான் அழைப்பார்கள், அழுது முடித்ததும் ஒலிவாங்கியை எடுத்துவிடுவார்கள். காணி, நீர்ப்பாசனம், கடன், பொலிஸ் பற்றி அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

கடைசிக் கேள்விக்கு நேரான பதில் சொன்னால், இனி வரப்போவது போர்நிறுத்தப் பேச்சு அல்ல. அரசியலமைப்பு, மாகாண அதிகாரம், காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் என்று துண்டு துண்டாக வரும், கட்சிகள் பேசும். ஆகவே வன்னிப் பெண்ணுக்கு முதல் கதவு கொழும்பிலோ ஜெனீவாவிலோ இல்லை, தமிழ்க் கட்சிகளின் மத்திய குழுவில் இருக்கிறது. உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீத ஒதுக்கீடு 2018 பெப்ரவரித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் பெண் உறுப்பினர்கள் 2 சதவீதம்கூட இல்லை. கரைச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் பிரதேச சபைக்குப் போன பெண்களில் சிலர் சும்மா பட்டியலை நிரப்பப் போனவர்கள்தான், மறைக்கத் தேவையில்லை. வேறு சிலர் பாதீட்டை வரி வரியாகப் படிக்கப் பழகிவிட்டார்கள். பேச்சு மேசைக்கு ஆள் தேடுகிறவர்கள் அங்கேதான் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

யாரை அனுப்புவது என்பதிலும் கவனம் தேவை. 'வன்னிப் பெண்' என்று ஒரே ஆள் இல்லை. 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறி, இன்னும் காணிப் பத்திரம் சரியாக இல்லாத குடும்பங்களின் பெண்கள் கிளிநொச்சியில் ஏராளம். புனர்வாழ்வு முடித்து வந்து, ஒருபக்கம் புலனாய்வுக்காரரின் விசாரிப்பையும் மறுபக்கம் ஊரின் வாயையும் தாங்குகிற முன்னாள் போராளிப் பெண்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்தும் காணி கிடைக்காத முல்லைத்தீவு முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த, யாழ்ப்பாணத்தில் படித்த என்னைப் போன்றவர்களைத்தான் எல்லாரும் முதலில் கூப்பிடுவார்கள், அது வசதி. கூப்பிட்டால் போகலாம், ஆனால் பக்கத்துக் கதிரைக்கும் ஓர் ஆளைக் கேட்டு வாங்கவேண்டும்.

எந்தப் பேச்சு என்றாலும் உள்ளே போகிற பெண்கள் முதல் நாளே எழுத்தில் கேட்கவேண்டியவை மூன்று என்று நான் பயிற்சிகளில் சொல்வதுண்டு. நிகழ்ச்சி நிரலும் வரைவுகளும் முன்கூட்டியே தமிழில் கைக்கு வரவேண்டும். தாங்கள் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொன்றுக்கும் ஏற்றார்களா, இல்லையென்றால் ஏன் என்று குறித்த நாளுக்குள் பிரதான மேசை எழுத்தில் பதில் தரவேண்டும். பேச்சு முறிந்தாலும் தங்கள் குழு கூடலாம் என்று பணி வரம்பிலேயே இருக்கவேண்டும். பஸ் காசும் பிள்ளை பார்க்க ஆளும் இதில் சேராது, ஆனால் அவை இல்லாமல் துணுக்காயிலிருந்து ஒரு பெண் கூட்டத்துக்கு வந்து இரவு வீடு திரும்பமாட்டாள். அதையும் செலவுப் பட்டியலில் போடச் சொல்லுங்கள்.